நண்டின் வலது கொடுக்கு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான சார்ட் வடிவமைப்பது என் பிழைப்பு. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பழங்கள், காய்கறிகள், வாகனங்கள், தலைவர்கள், நல்ல பழக்கங்கள் என்று எதைக் கேட்டாலும் ஒரே தாளில் அடைத்துக் கொடுத்துவிடுவேன். ஸ்டேஷனரி கடையில் அதைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் வாங்கி, வேண்டிய படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, கீழே பெயர் எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். கத்தரித்தது போக மிச்சம் குப்பைக்குப் போகும். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சோறு போடுகிறது.

தை பிறந்து காலண்டர் வேலை ஓய்ந்த மறுவாரம், புதிதாக ஒரு செட் போடலாம் என்று முதலாளி சொன்னார். உயிரினங்களின் உடலமைப்பு, மொத்தம் பன்னிரண்டு தாள். தவளை, மீன், கரப்பான்பூச்சி, மண்புழு என்று போய்க் கடைசியில் நண்டில் வந்து நின்றது. நண்டுக்கு வருவதற்குள் நான் ஓய்ந்துபோயிருந்தேன். காலண்டர் சீசன் முடிந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வாரம் கழுத்து திரும்பாது. அது வருடா வருடம் உள்ளதுதான். இந்த முறை வீட்டிலும் ஓய்வு இல்லை.

என் மனைவி பட்டாசு வேலைக்குப் போனவள். எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. காலையில் கம்பெனி வேன் வந்து கோயில் முன்னால் ஹாரன் அடிக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஹாரனுக்கு எழுந்தவள் அவள். திரி வேலை, குழாய் அடைக்கிற வேலை, பேக்கிங் என்று எதைக் கொடுத்தாலும் செய்வாள். போன வருடத்துக்கு முந்தின வருடம், புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்த நேரத்தில், அவள் இருந்த அறையில் தீப்பிடித்தது. வெடிக்கவில்லை, பொசுக்கென்று எரிந்து அடங்கிவிட்டது என்றார்கள். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தாள். வலது கை மட்டும் வெந்துபோனது.

அன்று காலை அவளுக்கு உடம்பு வலி. இன்றைக்குப் போகவில்லை என்றுதான் படுத்திருந்தாள். வேனும் போய்விட்டது. சீசன் நேரத்தில் லீவு போட்டால் போனஸில் கை வைப்பார்கள் என்று நான்தான் எழுப்பினேன். பைக்கில் ஏறு என்று சொல்லி, கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். இதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

புண் ஆறியது. ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது, மற்ற விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் போன ஆவணியில் ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து, கட்டைவிரலைப் பிரித்துவிட்டார்கள். அது நன்றாக அசைந்தது. ஆள்காட்டி விரல் பாதி வளைந்த நிலையில் கட்டையாக நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இரண்டு விரலும் ஒன்றையொன்று தொட வேண்டும், தொட்டால் பிடி வரும், பிடி வந்தால்தான் அது கை. தினமும் பழக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்த அம்மா ஒரு டம்ளரில் புளியங்கொட்டைகளைப் போட்டு வைத்துக்கொண்டு, தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு சேர வளைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டிலும் ஒரு டம்ளர் வந்து உட்கார்ந்தது. நாற்பது நாள் விடாமல் செய்தாள். ஒரு கொட்டை வரவில்லை. ஆள்காட்டி விரல் வளைந்தால்தானே வரும். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வளை, இன்னும் கொஞ்சம் வளை என்று அவள் உயிரை வாங்கினேன். ஒரு நாள் டம்ளரைத் தூக்கி அலமாரி மேல் வைத்தாள். நான் எடுத்துக் கீழே வைத்தேன். மறுபடி மேலே போனது. சண்டை போட்டோம். அப்புறம் சண்டை போடவும் அலுத்துப்போய், டம்ளர் மேலேயே இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். சோறு ஆக்குவது, துவைப்பது, தலை சீவுவது எல்லாம் இடது கைதான். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவாள். என் முன்னாலும் கையை வெளியே எடுப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நான் சூலக்கரை முகாமைப் பிடித்துக்கொண்டேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாசிக் கடைசியில் முகாம் நடக்கும், டாக்டர்கள் கையைச் சோதித்து ஊனத்தின் அளவை எழுதுவார்கள், ஓர் அளவுக்கு மேல் இருந்தால் அட்டை கிடைக்கும், அட்டை கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் தங்கைக்கு அப்படித்தான் கிடைத்ததாம். கைதான் வரவில்லை, அட்டையாவது வரட்டும் என்று நினைத்தேன். அந்தக் கை போய்விட்டது என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், நானும் அதைப் பற்றி நினைப்பதை நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இப்படி இருக்கிற நாளில்தான் நண்டை வரைய உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் யாரும் உயிரைப் பார்த்து வரைவதில்லை. இன்னொரு கம்பெனியின் பழைய சார்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைவோம். அவர்கள் அதற்கு முந்தின வருடம் எங்கள் சார்ட்டைப் பார்த்து வரைந்திருப்பார்கள். தவளைக்கு ஒரு விரல் குறைந்தால் ஊர் முழுக்கக் குறைந்தபடியே பல வருடம் ஓடும். இன்னொரு வசதியும் உண்டு. பாதி உடம்பை வரைந்தால் போதும். அதையே நகல் எடுத்து, இடம் வலம் மாற்றிப் போட்டால் மறுபாதி வந்துவிடும். பட்டாம்பூச்சி, கரப்பான், நண்டு எல்லாமே எங்களுக்குப் பாதி உடம்புதான்.

அன்று இடது பக்கம் முழுவதையும் ஒழுங்காக வரைந்தேன். காம்பின் மேல் நிற்கும் கண், பக்கத்தில் சின்ன உணர்கொம்புகள், கதவு சாத்தியது மாதிரி வாயை மூடியிருக்கும் உறுப்புகள், முதுகை மூடிய மேலோடு, நடக்கிற கால் நான்கு, முன்னால் ஒரு கொடுக்கு. கொடுக்கில் இரண்டு விரல். மேலே இருப்பது அசையும் விரல், கீழே இருப்பது அசையா விரல். கால்களை நகல் எடுத்து மாற்றிப் போட்டேன். கொடுக்கு மட்டும் பெரியதாகத் தெரிய வேண்டும் என்று முதலாளி சொன்னதால் அதைத் தனியாக எடுத்து வலது பக்கம் வைத்தேன். இடம் வலம் மாற்றுவதற்குப் பதிலாக, அரைவட்டம் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது. கொடுக்கு வலது பக்கம் பார்த்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. மேலே இருந்த விரல் கீழே போனதை நானும் பார்க்கவில்லை, பிழை பார்த்த பையனும் பார்க்கவில்லை, முதலாளியும் பார்க்கவில்லை. எழுத்துப் பிழையைத்தான் எல்லோரும் தேடினார்கள்.

கீழே தகவல் கட்டம் ஒன்று வைக்க வேண்டும். ஆபத்து வந்தால் நண்டு தன் காலை அடியோடு கழற்றிவிட்டுத் தப்பிக்கும், அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது அந்த இடத்தில் புதுக் கால் முளைக்கும் என்று பழைய சார்ட்டில் இருந்தது. அதை டைப் செய்தேன், அழித்தேன், பிறகு மறுபடி டைப் செய்து எழுத்தின் அளவைக் குறைத்துவிட்டேன். சனிக்கிழமை மிஷினில் ஏற்றி முதல் லோடு ஓடி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அந்த வருடம் கண்மாயில் தண்ணீர் நன்றாகக் கிடந்தது. அதே பக்கத்துத் தெருக்காரர் பெயிண்ட் வாளியில் நண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கம் சளிக்கு நண்டு ரசம்தான். ஓட்டோடு இடித்துப் பிழிந்து, மிளகும் பூண்டும் போட்டுக் கொதிக்கவிட்டால் மூக்கு தானாகத் திறக்கும். எங்கள் வீட்டில் இதுவரை நண்டு சுத்தம் செய்தது அவள் மட்டும்தான். இரண்டு வருடமாக வீட்டில் நண்டே இல்லை.

நான் செய்கிறேன் என்றேன். அவள் அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள், கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. எங்கள் வீட்டில் கம்பெனி வேஸ்ட் தாளுக்குப் பஞ்சமே கிடையாது. வத்தல் காயப் போடுவதும் அதில்தான், அலமாரியில் விரிப்பதும் அதில்தான். முந்தின நாள் கொண்டுவந்த தாளில் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். தாளில் என் நண்டு கிடந்தது. அதன் மேல்தான் நிஜ நண்டை வைக்கப்போகிறேன் என்பது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

சுடுதண்ணீர் ஊற்றாமல் கையை விட வேண்டாம் என்று அவள் சொன்னாள். ஒரு வாரம் உட்கார்ந்து நண்டை வரைந்தவனுக்கு இவள் என்ன சொல்வது என்று கையை விட்டேன். கவ்விவிட்டது. உதறினால் விடவில்லை. வாளித் தண்ணீரில் முக்கின பிறகுதான் விட்டது. அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டதில் எனக்கு விரல் வலி கொஞ்சம் குறைந்தது.

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் சுடுதண்ணீர். அப்புறம் கொடுக்குகளை ஒடித்துத் தனியாக வைக்க வேண்டும். நண்டைப் புரட்டினால் அடியில் ஒரு மடிப்பு இருக்கும். அது கூராகக் குறுகியிருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். என் சார்ட்டில் அதற்கு மடிந்த வயிறு என்று பெயர். பெண் நண்டு முட்டையை அதற்குள்தான் வைத்திருக்கும். மடிப்பைப் பிரித்து, பின்பக்கமாக விரலைக் கொடுத்து மேலோட்டைத் தூக்கினால் மூடி மாதிரி வந்துவிட்டது. உள்ளே இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் மெல்லிய அடுக்குகள். நான் செவுள் என்றேன். அந்தப் பஞ்சைப் பிய்த்து எறியுங்கள், மண்ணாக இருக்கும் என்றாள் அவள்.

அந்தச் செவுளில்தான் அது மூச்சு விடுகிறது என்று சொன்னேன். கொடுக்கின் அடிப்பக்கம் தண்ணீர் உள்ளே போகும், செவுளை நனைத்துவிட்டு வாய்ப்பக்கமாக வெளியே வரும். கரைக்கு வந்த நண்டு வாயில் நுரை கட்டுவது அதனால்தான். நுரை கட்டினால் சீக்கிரம் ஆக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த செய்தி. கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னப் பை இருந்தது. அதுதான் இரைப்பை, அதற்குள் பல் இருக்கிறது, நண்டு விழுங்கின பிறகும் வயிற்றுக்குள் அரைக்கும் என்றேன். அதையும் எறியச் சொன்னாள். நடு முதுகுக்குக் கீழே இதயம் இருக்க வேண்டும். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சார்ட்டில் சிவப்பாகப் போட்டிருந்தேன். இங்கே எல்லாம் ஒரே மஞ்சளும் வெள்ளையுமாகக் குழைந்து கிடந்தது. ரத்தம் எங்கே என்று அவள் கேட்டாள். அதன் ரத்தத்துக்குச் சிவப்புக் கிடையாது, கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி, காற்றுப் பட்டால் லேசாக நீலம் ஓடும் என்றேன். அப்படியென்றால் இத்தனை நாள் இத்தனை நண்டை உரித்தும் ரத்தம் சிந்தினதே தெரியவில்லையே என்று சொல்லி, உரித்த நண்டைக் குனிந்து பார்த்தாள்.

அப்போதுதான் அவள் பார்வை தாள் மேல் போனது.

"இத வரஞ்சது யாரு?"

நான்தான் என்றேன்.

"இந்தப் பக்கம் சரியா இருக்கு. அந்தப் பக்கம் தலகீளா இருக்கு. கீள் வெரலு எப்பங்க அசைஞ்சிச்சு?"

அவள் சொல்வது எனக்கு முதலில் விளங்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது கொடுக்கில் கீழ் விரலுக்கு மூட்டுப் போட்டு, அம்புக்குறி காட்டி, அசையும் விரல் என்று தடித்த எழுத்தில் நானே எழுதியிருந்தேன். இடது பக்கம் மேலே அசைகிறது, வலது பக்கம் கீழே அசைகிறது. அப்படி ஒரு நண்டு எந்தக் கண்மாயிலும் கிடையாது. ஒரு லோடு ஓடிவிட்டது. இல்லை, சரியாகத்தான் இருக்கும் என்று வாய் மட்டும் சொன்னது.

அவள் எழுந்து வந்து தாளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஒடித்து வைத்த கொடுக்குகளில் பெரியதாக ஒன்றை இடது கையில் எடுத்தாள். ஒடிந்த இடத்தில் சதைக்கு நடுவில் வெள்ளையாக, தகடு மாதிரி ஒரு நரம்பு நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அதை இழுத்து விளையாடாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. இழுத்தால் செத்த கொடுக்கும் மூடும்.

"பாருங்க" என்று சொல்லி, முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள்.

எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தோல் பளபளவென்று இறுகி, இடையிடையே வெளுத்துக் கிடந்தது. ஆள்காட்டி விரல் பாதி வளைந்து அப்படியே நின்றது. நான் அந்த நரம்பைத்தான் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன். அவள் வளையாமல் நின்ற விரலின் மேல் நரம்பை வைத்து, கட்டைவிரலைக் கொண்டுவந்து அழுத்தி, இழுத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். வழுக்கியது. நான் பிடிக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது தடவை, கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் கொண்டுபோய் அழுத்தி இழுத்தாள். கொடுக்கின் மேல் விரல் இறங்கிவந்து கீழ் விரலில் டக்கென்று முட்டியது.

"இந்தக் கீள் வெரலு அசையாதுங்க. மேல இருக்கதுதான் வந்து இதுல இடிக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டுக் கொடுக்கைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். நரம்பு இன்னும் அவள் பிடியில் இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

நாற்பது நாள் நாங்கள் செய்த தப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயிற்சி சொன்ன அம்மா இரண்டு விரலையும் வளைத்துக் காட்டினார், ஏனென்றால் அவருக்கு இரண்டும் வளையும். நாங்களும் இரண்டும் வளைய வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம். செத்தாலும் வளையாத விரலைப் போட்டு வதைத்துக்கொண்டு, நன்றாக அசைகிற கட்டைவிரலைச் சும்மா காத்திருக்க வைத்தோம். ஒரு விரல் நின்ற இடத்திலேயே நின்றால் போதும், இன்னொன்று வந்து சேர்ந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாதா? நானே வரைந்து, எழுதி, அச்சுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கொடுக்கை மூடுகிற தசை பெரியது, திறக்கிற தசை சின்னது என்று அவளிடம் சொன்னேன். அதனால்தான் பிடித்தால் விடுவதில்லை. அவள் தாளின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கால் மொளைக்குமாமே."

ஆமாம் என்றேன்.

"நண்டுக்கு" என்று சொல்லி எழுந்து, அடுப்பைத் தணிக்கப் போனாள். அன்று ரசம் நன்றாக இருந்தது. உப்பு மட்டும் தூக்கல்.

மறுநாள் முதலாளியிடம் தப்பைச் சொன்னேன். எவன் நண்டின் விரலை எண்ணிப் பார்க்கப்போகிறான், ஓடினது ஓடட்டும், அடுத்த ஆர்டருக்கு அச்சுப் பிளேட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். எனக்கும் வாதாடத் தெம்பு இல்லை. ஃபைலில் திருத்தி வைத்தேன். திருத்தியாச்சா என்று அவள் இரண்டு நாள் விடாமல் கேட்டாள், ஆச்சு என்றேன், அது பாதி உண்மை. எங்கேயோ ஏதோ ஒரு வகுப்பறைச் சுவரில் கீழ் விரல் அசைகிற நண்டு ஒன்று இப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அது என் வேலைதான்.

டம்ளர் அலமாரியிலிருந்து தானாகக் கீழே இறங்கியது. நான் எதுவும் கேட்கவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு செய்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் புளியங்கொட்டைகள் சிதறிக் கிடக்கும். முதலில் நிறையக் கிடந்தன. மாசி பாதியில் ஒன்றிரண்டுதான் கிடந்தன. ஒரு நாள் காலையில் என் சட்டைப் பித்தானை வலது கையால் போட்டுப் பார்த்தாள். வெகுநேரம் ஆனது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் நின்றுகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதும்போது நான் நல்லவன் மாதிரித் தெரிகிறேன். அப்படி இல்லை. முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்துத் தெருக்காரர் வந்தார். அங்கே கையில் ஒரு தாளைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், பிடித்தால் அளவைக் குறைத்து எழுதிவிடுவார்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார். அன்று முழுக்க நான் கணக்குப் போட்டேன். அந்தப் பிடியை வைத்துக்கொண்டு அவள் மறுபடி கம்பெனிக்குப் போக முடியாது. போக விடவும் மாட்டேன். அட்டை கிடைத்தால் அந்தப் பணம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். மாசிக் கடைசியில், சூலக்கரைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது மெதுவாகச் சொன்னேன்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் புடிக்காத. தாளக் குடுத்தா விட்டுரு."

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கே கூட்டம் சொல்லி மாளாது. காலையில் டோக்கன் வாங்கினோம், கூப்பிடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. டாக்டர் சின்ன வயதுக்காரர். அவரும் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையை மேஜை மேல் வைக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். முந்தானையிலிருந்து எடுத்து வைத்தாள். ஒவ்வொரு விரலையும் தொட்டு, மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஆள்காட்டி விரலை வளைக்கச் சொன்னார். வளையவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு மேஜையில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இதைப் பிடியுங்கள், நான் இழுப்பேன் என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நின்ற விரலின் மேல் தாளை வைத்தாள். கட்டைவிரலைப் பக்கவாட்டில் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் லேசாக இழுத்தார். வரவில்லை. பரவாயில்லையே என்று சொல்லி இன்னும் கொஞ்சம் இழுத்தார். அவள் முழங்கை மேஜையில் ஊன்றியிருந்தது, புறங்கையில் ஒட்டு வைத்த தோல் வெளுத்தது. போதும் அம்மா, விடுங்கள் என்றார். அவள் விடவில்லை. தாள் கிழிந்தது. பெரிய பாதி டாக்டர் கையில் இருந்தது, மூலை அவளிடம் இருந்தது.

டாக்டர் சிரித்தார். எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார். வீட்டில்தான் என்றாள். அவர் எழுதியது அட்டைக்கு வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம் என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கோபம் இருந்தது. காலையிலிருந்து நின்ற கால் வலி இருந்தது. இரண்டு வருடக் களைப்பு அத்தனையும் அன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் தாண்டி வெறும் கரிசல் காடு வந்த பிறகு, திரும்பாமலே பேசினாள்.

"பைக்குல ஏறுன்னு அன்னிக்குச் சொன்னீக, ஏறுனேன். இன்னிக்கு விடுன்னு சொன்னீக, விடல. அம்புட்டுத்தான்."

அந்தக் காலையைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. கண்டக்டர் வந்தார். நான் காசைக் கொடுத்தேன், அவர் ஜன்னல் பக்கம் இருந்த அவளிடம் டிக்கெட்டை நீட்டினார். வலது கையில் இன்னும் அந்தத் தாளின் மூலை இருந்ததால், அவள் டிக்கெட்டை இடது கையில் வாங்கிக்கொண்டாள்.